அட்டலில் இருந்து இறக்கிய கூடை: மலையகக் குடும்பத்தின் கதையைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பாயியிடம் ஒலிப்பதிவு செய்ய முதன்முதலாக உட்கார்ந்தபோது நான் கேட்டது இதுதான்: "நம்ம ஆளுக எந்த வருசம் இலங்கைக்கு வந்தாங்க?" கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அதெல்லாம் எனக்கு என்னா தெரியும், நான் படிக்காதவ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, அவருடைய பழைய கொழுந்துக் கூடையை அட்டலில் (பரணில்) இருந்து இறக்கி, தூசி தட்டி, அவர் முன்னால் வைத்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கூடைக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "இது தலையில எங்க நிக்கணும் தெரியுமா? இங்க. கொஞ்சம் பின்னுக்குப் போனா கழுத்து போயிரும்" என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் அவருடைய அம்மா வந்தார், அம்மாவுக்குக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்த பெரியம்மா வந்தார், அந்தப் பெரியம்மா எந்தத் தோட்டத்தில் செத்தார், எங்கே புதைத்தார்கள் என்பது வந்தது. நான் தேடிய வருடமும் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருந்தது. அது வருடமாக இல்லை, அவ்வளவுதான்.

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த தமிழர்கள் நாங்கள். மலையகத்துக் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. தாளில் தேடினால் நம் ஆட்கள் எண்ணாக இருப்பார்கள்: செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) ஒரு எண், தகரத் துண்டில் ஒரு எண், ஒப்பந்தத்தில் இத்தனை லட்சத்தில் ஒருவர். ஆள் இருப்பது பேச்சில், வேலை செய்த கையில், சாமி கும்பிட்ட இடத்தில். எண்ணையும் ஆளையும் சேர்த்து வைப்பதுதான் இந்த வேலை. அதை எப்படிச் செய்வது என்று, எனக்குத் தெரிந்தவரை படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வயதானவரிடம் இந்த வாரமே போங்கள்

நூலகம், ஆவணக் காப்பகம் எல்லாம் அப்புறம். அவை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். எண்பது வயதுத் தாத்தாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நல்ல கைபேசி ஒன்று போதும். அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாமல் இருக்க ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நினைவகத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது, பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள், மடித்த துண்டின் மேல் கைபேசியை வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் பதியும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பதிவு செய்பவர்களுக்கு இன்னொன்று: தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். அந்தச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது.

பதிவைத் தொடங்கியதும் உங்கள் குரலில் தேதி, இடம், பேசுபவர் பெயர், அவருக்கு நீங்கள் என்ன முறை என்பதைச் சொல்லுங்கள். பதிவு செய்வதற்கும் குடும்பத்துக்காக வைத்திருப்பதற்கும் அவர் சம்மதிப்பதையும் அவர் வாயாலேயே பதிந்துகொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும் உங்கள் பேத்திக்கு, இந்த அரை நிமிடம் இல்லையென்றால், அது யாரோ ஒரு கிழவியின் குரலாகத்தான் இருக்கும்.

ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். பலமுறை போங்கள். இரண்டாவது, மூன்றாவது முறைதான் உண்மையான பேச்சு வரும்.

கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் என்னிடம் இருந்த கேள்விகள் எல்லாம் பரீட்சைக் கேள்விகள். பிறந்த வருடம் என்ன, பூர்வீக ஊர் எது, எத்தனை பேர் வந்தார்கள். பள்ளிக்கூடம் போக விடாத ஒருவரிடம் பரீட்சை வைத்தால் அவர் தோற்றுப்போனதாக உணர்வார், வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதில் அவர் கை அறிந்த விஷயத்தைக் கேளுங்கள். பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்க ஆள் கூடுவதற்கு) எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், தப்படித்தா, சங்கு ஊதியா? பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு ஏறும்போது பால் கொடுக்க எப்போது இறங்கி வந்தீர்கள்? கொழுந்தெடுக்கும் மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு எந்த மரத்தில் செய்தது? கொழுந்து நிறுக்கும்போது எவ்வளவு கழித்தார்கள்? கவ்வாத்து வெட்டுகிறவருக்கும் (தேயிலைச் செடியை நறுக்குகிறவர்) முள்ளுக் குத்துகிறவருக்கும் (மண்ணைக் கிளறுகிறவர்) வித்தியாசம் என்ன? இவற்றில் எதற்கும் "எனக்குத் தெரியாது" என்ற பதில் வராது.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். கணவரோ மகனோ பக்கத்தில் இருந்தால், "அவர்தான் எல்லாம் சொல்வாரு" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அடுப்படியில், கொழுந்தெடுத்து முடித்து வந்த பிறகு, கீரை ஆய்ந்துகொண்டே பேசினால் வரும் கதை வேறு. மலையில் காலம் முழுதும் கொழுந்தெடுத்தவர்கள் பெண்கள். அப்படியிருந்தும் பல குடும்பங்களின் வம்சாவளியில் ஆண்கள் பெயர் மட்டுமே நான்கு தலைமுறைக்கு இருக்கும், பெண்கள் பெயர் பாட்டியோடு நின்றுவிடும். இதை உங்கள் குடும்பத்தில் மாற்ற முடியும்.

பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். பத்து விநாடி பொறுங்கள். அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் பெரும்பாலும் முக்கியமானது வரும்.

இரண்டாவது படி: நினைவுக்கு வருடம் கொடுப்பது

"அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முந்தின ஆடித் திருவிழாவில சின்னவன் பொறந்தான்" என்று சொல்வார்கள். இதை வருடமாக்க ஒரு காலக்கோடு உங்களிடம் இருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி, பேசப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பிப் போனவர்கள். இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக வந்து லயத்தில் தங்கத் தொடங்கினார்கள். ஆக, "எங்க பாட்டன் வந்து வந்து போவாராம்" என்று உங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தால் அது கோப்பிக் காலத்து வாசனையாக இருக்கலாம். "ஆத்தா, புள்ளையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்தாங்க" என்றால் அது தேயிலைக் காலமாக இருக்கவே அதிக வாய்ப்பு.

பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் 1914இல் வந்தன. அதனால் நடந்து வந்த கதையா, ரயிலும் கப்பலுமாக வந்த கதையா என்பதே ஒரு தேதி. மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து மருந்து கொடுத்த கதை வந்தால் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டோம். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. உங்கள் குடும்பம் தோட்ட வேலைக்கு வந்தது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான்.

அதற்குப் பிறகு நம் பெரியவர்களே பார்த்தவை: 1947 தேர்தல், அதில் மலையகத்திலிருந்து ஏழு பேர் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றம் போனது. 1948இல் நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருடம் வாக்கும் போனது. 1957 வெள்ளம். 1964இல் நம் ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், அதே வருடம் டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். 1971 ஏப்ரல் கிளர்ச்சி. 1973, 74இல் தோட்டங்களில் வந்த பஞ்சம், அதைப் பேசும்போது எங்கள் வீட்டில் இன்றும் குரல் இறங்கும். 1972, 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தது. 1977, 1981, 1983 வன்முறைகள், அப்போது வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடிப்போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். 1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பனி நிர்வாகத்துக்குப் போனது. இவற்றில் எதாவது ஒன்றோடு அவர்கள் நினைவைச் சேர்த்தால் வருடம் தானே விழுந்துவிடும்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பயன்பட்டது. "எந்தத் துரை காலத்துல?" என்று கேளுங்கள். துரை என்றால் தோட்ட நிர்வாகி. துரைமாரின் பெயரை, அல்லது அவர்களுக்கு வைத்த பட்டப்பெயரை, பெரியவர்கள் மறக்கவே மாட்டார்கள். பெர்குசன் டைரக்டரி என்ற பழைய விவரத்திரட்டுகளில் ஒவ்வொரு தோட்டத்தின் ஏக்கர் கணக்கு, உரிமையாளர், பெரிய துரை பெயர் எல்லாம் அச்சாகியிருக்கும். ஒரு துரையின் பெயர் எந்த வருடப் பதிப்பில் வந்து எந்த வருடத்தில் மறைகிறது என்று பார்த்தால், "அந்தத் துரை காலத்துல எனக்குக் கல்யாணம்" என்பது நாலைந்து வருட இடைவெளிக்குள் வந்துவிடும். துரையின் பெயர் அச்சில் இருக்கிறது, அவருக்குக் கீழே வேலை செய்த ஆயிரம் பேரின் பெயர் இல்லை. அந்த அச்சை நம் ஆட்களின் நாளைக் குறிக்கப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

மூன்றாவது படி: இடங்களை வரைந்து வையுங்கள்

ஒரு தோட்டத்துக்குத் துரை வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடுகிற பெயர் இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள். எந்தப் பிரிவு, மேட்டு லயமா பணிய (கீழ்) லயமா, எத்தனையாவது காம்பரா (அறை), பக்கத்துக் காம்பராக்களில் யார் யார் என்பது வரை போங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஏழு பேர் எப்படிப் படுத்தார்கள் என்பதைப் பாட்டியைச் சொல்ல வைத்து ஒரு படமாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. நான் வரைந்த படத்தைப் பார்த்து அப்பாயி, "இங்க அம்மி, இங்க தண்ணிக் குடம், புதுப் பொண்ணு வந்தா நடுவுல சீலையைக் கட்டிருவோம்" என்று விரலால் காட்டினார். அந்தச் சீலை எந்த அறிக்கையிலும் இல்லாதது.

பிறகு, நடக்க முடிந்தவரை நேரில் நடந்து பாருங்கள். பழைய சுடுகாடு, பாழடைந்த லயத்தின் அத்திவாரக் கல், கோயில். சாமிகளைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். கவ்வாத்துச் சாமி, கொழுந்துச் சாமி, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சக்கரத்துக்குக் காவலாக நின்ற ரோதை முனி என்று வேலையிலிருந்தே பிறந்த சாமிகள் நம்முடையவை. எந்த இயந்திரம் எத்தனை கையை எடுத்தது என்ற பயம் அந்தச் சாமியின் கதைக்குள் இருக்கும். கைபேசியில் இடத்தின் புள்ளியைக் குறித்து வையுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் அப்படியே புதைந்தன. மலையில் ஒரு இடம் நாளைக்கும் இருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நான்காவது படி: ட்ரங்குப் பெட்டியும் தாள்களும்

பெட்டியைத் திறக்க அனுமதி வாங்கிக்கொண்டு திறங்கள். எந்தத் தாள் எதன் அடியில் இருந்தது என்பதையே முதலில் படமெடுங்கள். சேர்த்து வைத்தவர் ஒரு காரணத்தோடுதான் வைத்திருப்பார்.

லேமினேட் செய்யாதீர்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நல்ல எண்ணத்தில் தன் தாயின் பிரஜாவுரிமைச் சான்றைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்தார். சூட்டில் மை பரவி, கையொப்பம் இருந்த இடம் கறுப்பாகிவிட்டது. இனி அதைப் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை சில வருடத்தில் தாளைத் தின்றுவிடும். அடுப்புப் புகையும் மலை ஈரமும் தாளுக்கு எதிரி. உலர்ந்த நாளில் வெளியே எடுத்து, மென்மையான தூரிகையால் தூசி தட்டி, ஒவ்வொரு தாளையும் தனித்தனி வெள்ளைக் காகித உறையில் போட்டு, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள். சன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, இரண்டு பக்கமும் படமெடுங்கள். பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருந்தாலும் அதுவும் சாட்சி.

என்னென்ன கிடைக்கலாம்? 1921க்கு முந்தையது என்றால் "துண்டு": தொழிலாளியின் பேரில் எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு, அந்தக் கடனைக் கட்டினால்தான் இன்னொரு தோட்டம் அவரை எடுக்கும். அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். கழுத்தில் மாட்டிய தகர வில்லை எந்த வீட்டிலாவது தப்பியிருந்தால், அதில் உள்ள எழுத்தும் எண்ணும் மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிப்பவை. தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தொழிற்சங்கச் சந்தா அட்டை, சேமலாப நிதி அட்டை, பள்ளிக்கூடச் சான்று, கல்யாணப் பத்திரிகை எல்லாமே முக்கியம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு பெரிய வரம்.

எல்லாவற்றிலும் பெரிய புதையல் பிரஜாவுரிமைத் தாள்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டு மனுச் செய்தவர்கள், கல்யாணமானவர் என்றால் ஏழு வருடம், இல்லையென்றால் பத்து வருடம் இலங்கையில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். எந்தத் தோட்டம், எந்த வருடம், மனைவி யார், பிள்ளைகள் யார் என்று நிரூபிக்கச் சேர்த்த தாள்கள் அவை. எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுவில் இருந்தும் சுமார் 1,34,000 பேருக்கே கிடைத்தது. அவமானப்படுத்தக் கேட்ட கேள்விகள்தான். ஆனால் பதில் சொன்னது நம் ஆட்கள். நிராகரித்த கடிதம் கிடைத்தாலும் எறியாதீர்கள், காரணம் அதில் இருக்கும்.

வீட்டில் இல்லாத தாளுக்குப் போக வேண்டிய இடங்கள்: பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதிக்குப் பிரதேச செயலகம். பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பு, அதில் தகப்பன் பெயரும் முகவரியும் இருக்கும். தோட்ட அலுவலகத்தின் பழைய செக்ரோல், இதை நிர்வாகத்தின் அனுமதியோடு மட்டும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடம். அரசு அலுவலகத்தில் உங்கள் குடும்பக் கோப்பு இருப்பதாகத் தெரிந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் எழுத்தில் கேட்கலாம்.

ஒரு பெயர் பல பெயராக இருக்கும், தயாராக இருங்கள். லட்சுமி, லெட்சுமி, லெட்சிமி, இலட்சுமி எல்லாம் ஒரே பாட்டி. தோட்டத்துக் கிளாக்கர் (எழுத்தர்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார், அதை இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார், அதிலிருந்து தமிழுக்குத் திரும்பி வந்தது. தேடும்போது எல்லா வடிவத்தையும் தேடுங்கள். எழுதும்போது தாளில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் எழுதுங்கள். திருத்தி எழுதிவிட்டால் அடுத்தவர் அந்தத் தாளைக் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாவது படி: கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாதி

1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்டுவிட்டுப் பிரிக்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்த வீடுகள் நிறைய. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆளேற்றிப் போன ரயிலுக்கு "அழுகைக் கோச்சி" என்றே பெயர் வந்தது.

அதனால் உங்கள் குடும்பக் கதையில் பாதி கூடலூரிலோ, பந்தலூரிலோ, கோத்தகிரியிலோ, வால்பாறையிலோ இருக்கலாம். டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்ட லயங்களில் இன்றும் "சிலோன்காரங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் இந்தியக் கடவுச்சீட்டும், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையும் இருக்கும். குடும்பத்தில் யார் யார் சேர்ந்து வந்தார்கள் என்பது அதில் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு பழைய படத்தை அனுப்பி, "இதில் யார் யார்?" என்று குரல் செய்தியில் பதில் கேளுங்கள். எழுதச் சொன்னால் எழுதமாட்டார்கள், பேசச் சொன்னால் நிறுத்தமாட்டார்கள். அந்தக் குரல் செய்திகளைத் தனியே சேமித்துக்கொள்ளுங்கள், கைபேசி மாறும்போது போய்விடும்.

பூர்வீக ஊர் தெரியவில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று குலதெய்வம்: அதன் பெயரும், கோயிலைப் பற்றிச் சொல்லும் அடையாளங்களும், ஆறு, மலை, எந்தத் திசை என்பதும். இன்னொன்று பக்கத்துக் காம்பராக்காரர்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த கங்காணி தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும்தான் ஆள் பிடித்தார். ஒரே கங்காணியின் கீழ் வந்தவர்களில் ஒரு வீட்டுக்காவது ஊர் பெயர் தெரிந்திருக்கும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று மாவட்டம் கிடைத்தாலே அடுத்த அடி வைக்கலாம்.

ஆறாவது படி: பேச்சை எழுதுவதும், நம் ஆட்களை உள்ளபடி காட்டுவதும்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் முக்கியம், இங்கேதான் பலர் நல்லெண்ணத்தோடு கெடுக்கிறார்கள்.

நம்மைப் பற்றி இரண்டு படங்கள் ஊரில் உண்டு. "தோட்டக்காட்டான்" என்று இகழ்கிற படம் ஒன்று. அட்டைக்கடியிலும் குளிரிலும் வாடிய பாவப்பட்ட சனங்கள் என்று இரங்குகிற படம் இன்னொன்று. இரண்டாவது படம் கருணையாகத் தெரிந்தாலும் அதிலும் ஆள் இல்லை. என் அப்பாயி பாவப்பட்டவராக எனக்கு நினைவில் இல்லை. நிறுவையில் கள்ளம் செய்த கணக்கப்பிள்ளையைக் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டவர். காமன் கூத்தில் யார் ரதி வேசம் கட்டினால் எடுபடும் என்று அடித்துச் சொல்கிறவர். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒரு சிநேகிதி அவருக்கு உண்டு, இரண்டு பேரும் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் சண்டை போடுவார்கள், கறிவேப்பிலை கொடுத்து அனுப்புவார்கள். 1940இல் மூலோயாத் தோட்டத்தில் போலீஸ் சூட்டில் செத்த தொழிலாளி கோவிந்தனைப் பற்றிப் பேசும்போது, நேற்று நடந்ததுபோல் கோபப்படுவார், அப்போது அவர் சின்னக் குழந்தை என்றாலும்.

இதெல்லாம் எழுத்தில் வர வேண்டுமென்றால் அவர் பேசியபடியே எழுதுங்கள். "காம்பரா" என்றால் காம்பரா, அறை என்று மாற்றாதீர்கள். "இஸ்டோரு", "கோச்சி", "பெரட்டு", "தேத்தண்ணி" எல்லாம் அப்படியே இருக்கட்டும். புரியாத சொல்லுக்குக் கடைசியில் ஒரு சொற்பட்டியல் போடலாம். சிரித்த இடத்தில் சிரித்தார் என்று எழுதுங்கள், பாடிய இடத்தில் பாடினார் என்று குறித்து நிமிடத்தையும் எழுதுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் எழுத்தில் பாதிதான், குரலில்தான் முழுசு. ஒரு மணி நேரப் பதிவை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். தினம் பத்து நிமிடப் பேச்சு என்று வைத்துக்கொண்டால் முடியும்.

கசப்பையும் எழுதுங்கள். குடி, அடி, சாதி பார்த்து லயம் பிரித்தது, நம் ஆளே நம் ஆளைக் கடனில் அழுத்தியது. பெரிய கங்காணியின் பேரப்பிள்ளையாக நீங்கள் இருந்தால் இது இன்னும் கடினம், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. இன்னும் உயிரோடு இருப்பவரைப் புண்படுத்தும் பகுதியைத் தனிக் கோப்பில் வைத்து, எப்போது திறக்கலாம் என்று சொன்னவரிடமே கேட்டுக் குறித்து வையுங்கள். "நான் போன பொறகு" என்று பலர் சொல்வார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

ஏழாவது படி: பத்திரப்படுத்துவது

ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, ஆள், பொருள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். மூன்று பிரதி இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடமோ இணையச் சேமிப்பிலோ. வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். எழுதியதைத் தாளில் அச்செடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்.

குடும்பம் சம்மதித்தால் ஒரு பிரதியைப் பொதுவிலும் சேர்க்கலாம். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து, மலையகத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது. கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், பழைய லயம் ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே மட்டக்கம்பையும் கூடையையும் பார்த்த பிள்ளைகளை அப்படியே வீட்டுக்குக் கூட்டிவந்து தாத்தா முன்னால் உட்கார வையுங்கள். பொருளைக் கொடுப்பதென்றால் யாருடையது, எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று எழுதிக் கொடுங்கள். பெயரில்லாத கூடை வெறும் கூடையாகத்தான் கண்ணாடிக்குள் இருக்கும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது, எழுதி முடித்ததைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுவது. நான் அப்பாயிக்கு நான்கு மாலைகளில் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது நாள், அவருடைய பெரியம்மாவைப் புதைத்த இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "வேலியோரம்னு எழுதியிருக்கியே, வேலி அப்புறம் போட்டது. அன்னைக்கு அங்க ஒரு சவுக்கு மரம். மரத்துக்குப் பணிய." நான் பேனாவை எடுத்தேன். "பேரும் போடு," என்றார், "அவங்க பேரு ராமாயி."

அதுவரை பதினோரு ஒலிப்பதிவுகளிலும் அவர் பெரியம்மா என்று மட்டுமே சொல்லியிருந்தார்.